கைப்பிடி அரிசியும் குழந்தைகள் நாள் வில்லையும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக்கோட்டையிலிருந்து சாலைக் கடைவீதி வழியே நடந்தால் ஆரியசாலையை அடையலாம். மளிகைக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நெருங்கி நிற்கும் இத்தெருக்களில், நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து தலைமுறைகளாக வாழும் தமிழர் பலர் உள்ளனர். நவராத்திரிக் காலத்தில் குமாரகோவிலிலிருந்து எழுந்தருளும் வேளிமலை முருகன் தங்குவதும் ஆரியசாலை அம்மன் கோவிலில்தான். அவ்விழா முடிந்த சில வாரங்களில் நவம்பர் 14, குழந்தைகள் நாள், வந்துவிடும். அந்நாளையொட்டிக் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் வண்ணப்படம் அச்சிட்ட ஒரு சிறு வில்லையைக் காசு கொடுத்து வாங்குவர். உங்களுள் சிலரும் அதனைக் கண்டிருக்கலாம்.

பார்வைக்கு அது அஞ்சல்தலை போலவே இருக்கும். ஆனால் அதனை ஒட்டிக் கடிதம் அனுப்ப இயலாது. மலையாளத்தில் அதனைச் 'சிசுதின ஸ்டாம்பு' என்பர். ஆரியசாலைக்குச் சிறிது தொலைவில் உள்ள தைக்காட்டில் இயங்கும் கேரள மாநிலக் குழந்தைகள் நலக் குழு அதனை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பெற்றோரால் வளர்க்க இயலாத பச்சிளங்குழந்தைகளைப் பாதுகாப்பாக ஒப்படைக்க, 2002ஆம் ஆண்டு 'அம்மத்தொட்டில்' என்னும் மின்னணுத் தொட்டிலை அமைத்தது இக்குழுதான். தொட்டிலில் குழந்தையைக் கிடத்தியதும் உள்ளே மணி ஒலிக்கும். பணியாளர் விரைந்து வந்து குழந்தையை ஏந்திக்கொள்வர். அவ்வாறு வரும் குழந்தைகளுக்குப் பால், மருந்து, உடை, பராமரிப்பு அனைத்தும் வேண்டும். அத்தகைய பணிகளுக்கு அவ்வில்லையின் வருவாய் துணை செய்கிறது.

வில்லையில் உள்ள படத்தை வரைபவர் பெயர்பெற்ற ஓவியர் அல்லர். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொருளை அறிவித்து, மாணவரிடமிருந்தே ஓவியங்களை வரவழைத்து, அவற்றுள் சிறந்ததனைத் தேர்ந்து அச்சிடுகின்றனர். வரைவது ஒரு குழந்தை, வாங்குவோர் குழந்தைகள், பயன் பெறுவோரும் குழந்தைகளே. வில்லையின் விலையும் ஒரு மாணவர் தம் கைச்செலவுக் காசிலிருந்து கொடுக்கக்கூடியதே. எனவே வகுப்பில் எவரும் 'என்னால் இயலாது' என்று தலைகுனிய நேர்வதில்லை.

அஞ்சலோடு அறத்தை இணைக்கும் இவ்வெண்ணம் நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. டென்மார்க் நாட்டில் ஐனார் ஹோல்பெல் என்னும் அஞ்சல் ஊழியர் இருந்தார். 1903ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், மலைபோல் குவிந்த வாழ்த்துக் கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. ஒவ்வோர் உறையிலும் அஞ்சல்தலையோடு இன்னொரு சிறு வில்லையையும் மக்கள் விரும்பி ஒட்டினால், அக்காசைத் திரட்டிக் காசநோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே! அடுத்த ஆண்டே வில்லை வெளிவந்தது. முதல் ஆண்டிலேயே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகள் விற்றன. 1911ஆம் ஆண்டு கோல்டிங் நகரில் குழந்தைகளுக்கான காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஹோல்பெல் எவரிடமும் புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மக்கள் எப்படியும் எழுதவிருந்த கடிதத்தின் மேல் ஒரு விரலகலத் தாளை ஒட்டச் சொன்னார், அவ்வளவே.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் அமைப்பான யுனிசெப் விற்கத் தொடங்கிய வாழ்த்து அட்டைகளுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரால் நலிந்த செக்கோசுலோவாக்கியாவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் ஊருக்குக் கிடைத்த உதவிக்கு நன்றியாக ஒரு படம் வரைந்தாள். தாள் கிடைக்காமையால் கண்ணாடித் துண்டின் மேல் வரைந்தாள். 1949ஆம் ஆண்டு அப்படமே அவ்வமைப்பின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. உதவி பெற்ற குழந்தையின் கை பிறருக்கு உதவி திரட்டும் கையாக மாறிய செய்தி இது.

அஞ்சலும் அட்டையும் மேலைநாட்டு வழிகள் எனின், நம் மண்ணின் வழி சமையலறையில் பிறந்தது. கோட்டயத்தை அடுத்த மன்னானத்தில் 1846ஆம் ஆண்டு சமற்கிருதப் பள்ளி ஒன்றை நிறுவியவர் குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகளார். தேவாலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஆனால் பசித்த வயிற்றோடு ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது எங்ஙனம்? அதற்கு அவர் கண்ட வழி 'பிடியரி'. மலையாளத்தில் 'அரி' என்பது அரிசி. வீட்டில் சோறு வடிக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துவைப்பர். சேர்ந்த அரிசியைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிப்பர். தமிழ்நாட்டிலும் பிடி அரிசித் திட்டம் என்னும் பெயர் மக்கள் நன்கறிந்ததே.

ஒரு பிடி எவ்வளவு? ஏறத்தாழ 50 கிராம் என்று கொள்வோம். ஒரு வீட்டில் 30 நாளில் ஒன்றரைக் கிலோ சேரும். 40 மாணவர் உள்ள வகுப்பின் வீடுகள் அனைத்தும் சேர்ந்தால் 60 கிலோ. இன்று தொடக்கப்பள்ளிச் சத்துணவில் ஒரு குழந்தைக்கு 100 கிராம் தானியம் என்பது கணக்கு. ஆகவே 60 கிலோ அரிசி 600 உணவு ஆகும். எடுத்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு கவளம் குறைந்திராது. (உங்கள் தாயார் அரிசி அளக்கும்போது நிறுத்துப் பாருங்கள், பெரியவர் கைப்பிடி 50 கிராமைத் தாண்டினும் வியப்பில்லை.)

தமிழ்நாட்டில் காமராசர் 1950களில் பள்ளி மதிய உணவைப் பரப்பியபோதும் ஊராரின் பங்கு பெரிதாக இருந்தது. செலவு முழுவதையும் அரசு ஏற்கவில்லை. பத்தில் நான்கு பங்கை உள்ளூர் மக்கள் ஏற்றனர்.

இக்காலக் கேரளத்தில் இன்னொரு வழக்கம் காண்கிறோம். நோயுற்ற ஒரு குழந்தையின் மருத்துவத்துக்காகத் தனியார் பேருந்துகள் ஒரு நாள் 'காருண்ய யாத்திரை' செல்லும். அன்று பயணச்சீட்டு இல்லை. நடத்துநர் வாளியோடு வருவார். ஏறியவர் விரும்பிய தொகையை அதில் இடுவர். பத்து ரூபாய்ப் பயணத்துக்கு நூறு ரூபாய் இடுவோரும் உண்டு. பிரியாணியும் பாயசமும் சமைத்து வீடு வீடாக விற்றுப் பணம் திரட்டும் இளைஞர் குழுக்களும் பல.

2021ஆம் ஆண்டு கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு என்னும் அரிய நோய்க்காக 18 கோடி ரூபாய் மருந்து தேவைப்பட்டது. 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பியதில் 46 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலும் சிறு தொகைகளே.

ஆயினும் இங்கு ஓர் ஐயம் எழுகிறது. ஒரு குழந்தையின் முகமும் கண்ணீரும் ஊர் முழுதும் பரவினால்தான் பணம் வருமா? அப்படம் அக்குழந்தை வளர்ந்து பள்ளிக்குச் செல்லும் காலத்திலும் அழியாது. உயிர் காக்கும் அவசரத்தில் வேறு வழி இல்லாதிருக்கலாம். ஆனால் பள்ளியில் நாம் பணம் திரட்டும்போது அந்த அவசரம் இல்லை. 'இந்தப் பையன் ஏழை, இவனுக்கு உதவுங்கள்' என்று உடன் படிப்பவனைச் சுட்டுவது உதவியாகாது. குழந்தைகள் நாள் வில்லை எனக்கு மிகவும் பிடித்திருப்பது இதனால்தான்: அதில் இருப்பது குழந்தையின் துயரம் அன்று, குழந்தையின் ஓவியம்.

ஆரியசாலையிலும் கரமனையிலும் தமிழர் வீடுகளில் நவராத்திரிக்குக் கொலு வைப்பர். கொலுப் பார்க்க வருவோர் சுண்டலும் தாம்பூலமும் பெற்றுச் செல்வர். மாணவர் தம் கையால் வரைந்த வாழ்த்து அட்டைகளைக் கொலுப் படியின் அருகே ஒரு தட்டில் வைத்து, அட்டை ஒன்று பத்து ரூபாய் என்று எழுதிவைத்தால், வந்தவர் வாங்காமல் போவாரா? பழைய செய்தித்தாளும் ஏடுகளும் உதவும். 2020ஆம் ஆண்டு கேரள இளைஞர் அமைப்பு ஒன்று வீடுதோறும் பழைய பொருள்களைத் திரட்டி விற்று ஏறத்தாழ 11 கோடி ரூபாய் சேர்த்து, முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு வழங்கிற்று. அது குழந்தைகளுக்கென்றே திரட்டியது அன்று; எனினும் வழி நமக்கும் பொருந்தும்.

எவ்வழியை மேற்கொண்டாலும் முதலில் தலைமை ஆசிரியரின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். பணத்தை ஒருவரே வைத்திராமல் இருவர் எண்ணி, ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். வந்த தொகை, செலவு, மிச்சம் ஆகிய மூன்றையும் வகுப்பறைப் பலகையில் எழுதலாம். நலக் குழுவிடமோ மருத்துவமனையிடமோ தொகையைச் செலுத்தும்போது தரும் பற்றுச்சீட்டையும் அதன் கீழே ஒட்டிவைக்கலாம்.