"வாடா" என்றழைக்க ஒருவன்

எழுபது வயதைக் கடந்த ஒருவரை, "டேய், இங்கே வாடா" என்று அழைக்கக்கூடியவர் இவ்வுலகில் எத்தனை பேர் எஞ்சியிருப்பர்? வாசக அன்பர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு அழைத்த தாயும் தந்தையும் மறைந்தனர். காதைத் திருகிக் கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியரும் மறைந்தார். மனைவி "என்னங்க" என்கிறாள். மருமகள் "மாமா" என்கிறாள். பேரன் "தாத்தா" என்கிறான். கோவிலில் "ஐயா", கடைத்தெருவில் "அண்ணாச்சி", வங்கியில் "சார்". மரியாதை நாளுக்கு நாள் வளர்கிறது. ஆனால் "டா" என்னும் அந்த ஓரெழுத்து மட்டும் சத்தமின்றி விடைபெற்றுப் போய்விடுகிறது. அது முற்றிலும் போன அன்றுதான் மனிதன் மெய்யாகவே கிழவனாகிறான் என்பது என் கருத்து.

என்னை அவ்வாறு அழைக்க இன்னும் பதினேழு பேர் இருக்கின்றனர்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் மண்ணில் ஓர் உயர்நிலைப்பள்ளியில், 1966-ஆம் ஆண்டு பழைய பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் நாங்கள். பன்னிரண்டாம் வகுப்பு என்ற ஒன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 1978-இல்தான் வந்தது. ஆகவே எங்களுக்குப் பதினொன்றே படிப்பின் கரை. ஆண்டுதோறும் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிறன்று, சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் தோழனின் மாடியறையில் கூடுவோம். காலைத் திருப்பலி முடித்து மதுரையிலிருந்து பேருந்து ஏறிச் செல்லும் என்னை, மாடிப்படியிலேயே வரவேற்கும் குரல், "வந்துட்டாருடா வாத்தியாரு, எல்லாரும் பெஞ்சு மேல ஏறுங்க!" என்பதாகும். முப்பத்தைந்து ஆண்டுகள் நான் ஆசிரியப் பணி செய்ததற்கு அவர்கள் தரும் நல்லாசிரியர் விருது அதுவே.

வெடி செய்யும் ஊர்ப் பிள்ளைகளாகையால் எங்கள் பட்டப்பெயர்களும் வெடிகளே. மெலிந்திருந்தவன் ஊசிவெடி. அவன் இன்று தொண்ணூறு கிலோ; நாற்காலியில் அமருமுன் எல்லோரும் நாற்காலிக்காக வேண்டிக்கொள்கிறோம். ஆசிரியர் கேள்வி கேட்டால் வாயைத் திறந்து, பின் ஒன்றும் சொல்லாமலே மூடிக்கொள்பவன் நமுத்துப்போன வெடி. ஓயாது பேசுபவன் சரவெடி. அவனுக்கு இப்போது இரு காதுகளிலும் கேள்விக் கருவி. "நீ பேசியதைக் கேட்கக் கூடாதென்று உன் காதே முடிவெடுத்துவிட்டது" என்பர். என் பட்டப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இவ்விதழைப் பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

பட்டப்பெயர் இடுவதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. நம் ஆண்டவரே செபதேயுவின் மக்களாகிய யாகப்பரையும் அருளப்பரையும் "இடியின் மக்கள்" என்று அழைத்ததாக மாற்கு எழுதுகிறார். அந்தச் சகோதரர் இருவரும் முதிர்ந்த வயதில் ஒரு மாடியறையில் கூடியிருந்தால், மற்ற அப்போஸ்தலர் அவர்களை எப்படி அழைத்திருப்பர் என்று நான் பலமுறை எண்ணிச் சிரித்ததுண்டு.

அச்சகத் தோழனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். பள்ளியில் மூன்று முறை ஒரே வகுப்பில் தங்கிய அவனைப் பார்த்து, "அறுபது வருஷமா நீ என்னடா கிழிச்சே?" என்று யாரோ கேட்டனர். அவன் சற்றும் அசையாமல், "நான் எதுக்குடா கிழிக்கணும்? நான் அச்சடிக்கிறதைத்தான் நீங்க எல்லாரும் தினமும் காலையில எந்திரிச்சுக் கிழிக்கிறீங்க" என்றான். அதன்பின் அவனிடம் அக்கேள்வியை எவரும் கேட்டதில்லை.

சாப்பாட்டு நேரம் இன்னொரு போர்க்களம். விருதுநகர்ப் பொரித்த பரோட்டா, சாத்தூர்ச் சேவு, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா மூன்றும் வந்துவிடும். உண்ணத்தக்கவர் நால்வர், மற்றவர்க்குச் சர்க்கரை நோய். ஆயினும் இலை காலியாகிவிடும். "ஆளுக்கொரு மாத்திரை வாங்கி நடுவில் வைத்துவிடுங்கள், தொட்டுக்கொள்ளலாம்" என்பான் ஊசிவெடி.

அதற்குப்பின் தவறாது வருவது 1967. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில், விருதுநகரின் மைந்தரும் ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராய் இருந்தவருமான காமராசர், தம் சொந்தத் தொகுதியிலேயே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். எங்கள் வகுப்பு இரண்டாய்ப் பிளந்திருந்தது. 1965 சனவரியில் இந்தி எதிர்ப்புக்காக வகுப்பைவிட்டு வெளியேறியவர் ஒருபுறம். 1956 முதல் அவர் பெரிதாக வளர்த்த மதிய உணவுத் திட்டத்தில் உண்டு வளர்ந்த நன்றியை மறவாதவர் மறுபுறம். இவர்களில் பாதிப்பேர் இரு புறமும் நின்றவர் என்பதே உண்மை. "என் தட்டுல விழுந்த சோற்றுக்காவது நீ சும்மா இருந்திருக்கலாம்" என்று ஒருவன் தொடங்க, "சோறு போட்டா மூளையையும் எழுதிக் கொடுக்கணுமா?" என்று மற்றவன் சீற, குரல்கள் வீதிவரை கேட்கும். வேடிக்கை என்னவெனில், அன்று எங்களுக்குப் பதினெட்டு வயது. வாக்குரிமை வயதோ இருபத்தொன்று. ஒருவனுக்கும் ஓட்டு இல்லை. ஓட்டுப் போடாத ஒரு தேர்தலுக்காக இவ்வளவு காலம் சண்டையிட்டவர் வேறெங்கும் இருப்பாரென்று தோன்றவில்லை.

என் மனைவி ஒருமுறை இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்களை 'வாடீ' என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?" என்றாள். நான் விடை சொல்லவில்லை. அவளோடு ஐந்தாம் வகுப்பில் இருந்த பெண்களில் பலர் ஆறாம் வகுப்பைப் பார்க்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கவும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டவும் போயினர். பின் ஆளுக்கொரு ஊராய் மணமாகிப் போயினர். அவர்களுக்கு மாடியறை ஏது?

இவ்விடத்தில் எங்கள் மாடியறையைப் பற்றிய ஒரு குறையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1991-இல் வெள்ளிவிழாவாக முதன்முதல் கூடியபோது, பள்ளியிறுதித் தேர்வுப் பட்டியலைப் பார்த்தே அழைப்பு அனுப்பினோம். அதுவே முறையெனத் தோன்றிற்று. அன்று, பட்டாசு ஆலை உரிமையாளனாகியிருந்த தோழன் ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி பரிசளித்தான். சீப்பிலிருந்து அப்பெட்டிகளைச் சுமந்து மாடியேறி வந்தவரை நான் பார்த்தேன். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்தபோது அடையாளம் தெரிந்தது. எட்டாம் வகுப்புவரை எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்தவர். வகுப்பிலேயே கணக்கில் முதல்வர். 1963-இல் அவர் தந்தை இறந்தார். மறு வாரமே அவர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அவ்வளவுதான். அவரும் என்னைக் கண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் படியிறங்கிப் போனார். கீழே வண்டியருகில் அவர் காத்துநிற்க, மேலே நாங்கள் பழைய நட்பின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தோம்.

இவ்வூரின் தொழிலே சேர்ந்து போன இருவரால் வந்தது. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினரிருவர் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். மழை குறைந்த இவ்வறண்ட பூமியில் அது வேரூன்றிப் பின்னர்ப் பட்டாசும் அச்சும் பெருகின. அத்தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது. எத்தனையோ பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து எழுப்பியும் கொண்டுபோயிற்று. உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தன் பெரிய தீர்ப்பை வழங்கியது 1996 டிசம்பரில். எங்கள் தோழர் பெஞ்சைவிட்டு எழுந்து அப்போது முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த அடுத்த சனவரியில் அச்சகத் தோழன்தான் அவரைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்தான். அவர் அப்போது அதே ஆலையில் போர்மேன். மருந்துக் கலவையின் விகிதத்தைத் தாளும் பென்சிலுமின்றி மனத்திலேயே போடுவாராம். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்க விடமாட்டார். சிந்திய மருந்தைக் கண்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் அடுத்த வேலை தொடங்க விடமாட்டார். அவர் கண்காணித்த அறைகளில் ஓர் உயிரும் போனதில்லை. முதலிபட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் நடந்த கொடிய விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைவில் கொண்டோர்க்கு, அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மாடியறையில் அவர் நாற்காலி நுனியில் அமர்ந்தார். எங்களை "சார்" என்றார். ஆலை உரிமையாளனை "முதலாளி" என்றார். அச்சொல் விழுந்தவுடன் பேச்சு அறுந்துவிடும். "இங்கே என்னடா முதலாளி? பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்று அவனே எத்தனையோ முறை கெஞ்சினான். அவர் புன்னகை செய்வார். ஒருமுறை என்னிடம் தனியே, "இன்னைக்கு 'டா'ன்னு கூப்பிட்டுட்டு நாளைக்குக் கேட்டுல நின்னு கும்பிடணுமே, நாக்கு குழம்பிப் போயிடும்" என்றார். சரியான கணக்கு. இருபத்திரண்டு ஆண்டுகள் இப்படியே சென்றன. வயதானபின் கலவை வேலையை விட்டுவிட்டு, ஆலை வாயிலில் தொழிலாளர் வருகைப் பதிவேடு எழுதிவந்தார்.

2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைப் பட்டாசில் சேர்க்கத் தடை விதித்தது, சரவெடியையும் தடுத்தது. மாசு குறையவேண்டும் என்ற நியாயம் அதற்குண்டு. மூச்சுத் திணறும் நகரத்துக் குழந்தைகளை நாம் மறக்கலாகாது. எனினும் அந்தத் தீபாவளிக்குப்பின் ஆலைகள் திறக்கப்படவில்லை. 2019 மார்ச் வரை அவ்வட்டாரமே மூடிக் கிடந்தது. போர்மேன் வீட்டில் மகன், மருமகள், அவர் என மூவரும் பயராபீசை நம்பியவர். மூவருக்கும் கூலி இல்லை. ரேஷன் அரிசியில் நாட்கள் நகர்ந்தன.

அந்தச் சனவரிக் கூட்டத்திற்கு ஆலை உரிமையாளன் வந்து மூலையில் அமர்ந்தான். வங்கிக் கடன், தேங்கிய சரக்கு. எவர் வேடிக்கையும் அவனைத் தொடவில்லை. பரோட்டாவும் ஆறிற்று. 1967-ஐக்கூட எவரும் எடுக்கவில்லை. அப்போது நாற்காலி நுனியிலிருந்து ஒரு குரல் கேட்டது:

"என்னடா, கணக்குப் பரீட்சையில முட்டை வாங்கினவன் மாதிரி முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கே?"

அறை அதிர்ந்தது. போர்மேன்தான். உரிமையாளன் நிமிர்ந்து, ஒரு கணம் ஒன்றும் விளங்காதவனாய்ப் பார்த்தான். பிறகு, "நீ ஸ்லேட்டை மறைச்சா நான் முட்டைதானேடா வாங்குவேன்?" என்றான். சிரிப்பு எழுந்தது, சரவெடிக்கு என்னவென்றே கேட்கவில்லை, ஆயினும் எல்லோருக்கும் மேலாகச் சிரித்தான். உரிமையாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பு ஓய்ந்ததும் போர்மேன் அதே குரலில், "சரி, பொங்கல் வருது. நம்ம பிள்ளைகளுக்கு ஏதாவது முன்பணம் கொடுடா. கணக்கு நான் எழுதறேன்" என்றார்.

சிரிப்பு உலையில் அரிசி போடாது என்பதை அறிவேன். ஆனால் தொழிலாளியாக நின்று கேட்டிருந்தால் அது கோரிக்கை. சங்கம், மனு, பேச்சுவார்த்தை என்று நீண்டிருக்கும். தோழனாகக் கேட்டார். உரிமையாளன் வீட்டு நகையை அடகு வைத்துப் பொங்கலுக்கு முன்தினம் ஒவ்வொரு தொழிலாளர் வீட்டுக்கும் ஒரு தொகை கொடுத்தான். போர்மேன் எழுதிக் கொடுத்த கணக்கில் அது சரிபாதி.

மீதிப் பாதி இன்னும் வந்தபாடில்லை. ஆண்டுதோறும் அதை அவர் கேட்கிறார். 1967-க்கு அடுத்தபடியாக இப்போது நடக்கும் பெரிய சண்டை அதுவே. "வட்டியோட என்ன ஆச்சுன்னு சொல்லவா?" என்று மனக்கணக்கில் பைசா வரை சொல்லிவிடுவார். ஆலை வாயிலில் மட்டும் இன்றும் "முதலாளி"தான். அங்கே கும்பிடும் குறைவதில்லை.

கூட்டத்தின் இறுதியில் வருகைப் பதிவு எடுப்பது எங்கள் வழக்கம். பழைய வகுப்பின் பெயர்களை ஒருவன் வாசிப்பான். இருப்பவர் "உள்ளேன் ஐயா" என்பர். மறைந்தோர் பெயர் வரும்போது சற்று நிறுத்தி, அடுத்த பெயருக்குச் செல்வான். சிவப்புக் கோடு விழுந்த அந்தப் பெயரை, அதன் பழைய வரிசையெண்ணிலேயே மீண்டும் சேர்த்திருக்கிறோம். சென்ற கூட்டத்தில் வாசிக்கும் முறை ஆலை உரிமையாளனுடையது. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஆசிரியர் குரலில் அப்பெயரை அழைத்தான்.

போர்மேன் எழுந்து நின்று, கைகட்டி, தலைகுனிந்து, "உள்ளேன், முதலாளி!" என்றார்.

பதிவேட்டைச் சுருட்டி அவர் தலைமேல் போட்டான் அவன். மீதிப் பெயர்களை அன்று வாசிக்க முடியவில்லை.