விண்மீன் நிழற்படம்

சென்ற மார்கழித் திங்களில் யாம் மூவர் எம் விடுதியின் மேல்மாடத்தில் நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து விண்மீன்களைப் படம்பிடிக்க முயன்ற செய்தியை அறிந்த வகுப்புத் தோழர் ஒருவர், "வானவெளியில் மிதக்கும் பெருந்தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் எளிதிற் கிடைக்க, நீவிர் பனியிலும் கொசுக்கடியிலும் வருந்தி மங்கலான படமொன்றைப் பெறுவதனால் யாது பயன்?" என்று வினவினார். எள்ளி நகைக்கும் கருத்தோடு கேட்கப்பட்டதாயினும் அவ்வினா தள்ளத்தக்கதன்று. அப்பொழுது எமக்கு விடை தோன்றவில்லை. பின்னர் அத்துறைபற்றிப் படித்தும் எண்ணியும் கண்டவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கண்ணுக்கும் காமிராவுக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் உணர்தல் வேண்டும். நம் கண் ஒளியைச் சேமித்து வைப்பதன்று. ஒரு விநாடியின் சிறு கூறுக்குள் வந்த ஒளியைக் கண்டு, அதனை விடுத்து, அடுத்ததை நாடும் இயல்பினது. ஆதலின், மங்கியதொரு விண்மீனை ஒரு நாழிகை உற்று நோக்கினும் அது முன்னினும் ஒளிமிக்குத் தோன்றுவதில்லை. நிழற்படத் தகடும், இக்காலக் காமிராக்களில் அதன் இடத்தைப் பெற்றுள்ள ஒளியுணர் சில்லும் அத்தகையன அல்ல. துளித்துளியாய் விழும் நீரைக் குடம் ஏற்பதுபோல், திறந்திருக்குங்காறும் வந்த ஒளியையெல்லாம் அவை கூட்டி வைக்கின்றன. அன்றியும், மிக்க இருளில் நம் கண் நிறங்காணும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றது. ஆதிரை போலும் ஒளிமிக்க மீன்களின் செம்மை நமக்குப் புலனாகும். மங்கிய வான்பொருள்களோ எல்லாம் சாம்பல் நிறமாகவே தோன்றும். கண்ணுக்கு மறைந்த அந்நிறங்களும் காமிராவுக்கு அகப்படும்.

ஆனால், குடம் நிறையவேண்டுமாயின் அஃது இடம்பெயராது இருத்தல் வேண்டுமன்றோ? இத்துறையின் இடர்ப்பாடுகள் யாவும் இவ்விடத்தே தொடங்குகின்றன. பூமி 23 மணி 56 நிமிடத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதால், விண்மீன்கள் மணிக்கு 15 பாகையாக மேற்கு நோக்கி நகர்வனபோல் தோன்றுகின்றன. காமிராவை அசைவின்றி நிறுத்தினால் மீன் கோடாகிவிடும். மீனைப் பின்தொடர்ந்து காமிராவை நகர்த்தினாலோ, அந்நகர்ச்சியிற் சிறு நடுக்கம் நேரினும் படம் கெடும்.

1850-ஆம் ஆண்டில் ஹார்வர்டு வானாய்வகத்தில் அபிஜித் என்னும் வீகா மீன் முதன்முதல் படம்பிடிக்கப்பட்டது. அதற்குப் பிற்பட்ட ஈரத்தகடுகள் உலருமுன்னரே படமாக்கப்பட வேண்டியவையாதலின், அவற்றால் சில நிமிடங்களுக்குமேல் ஒளியைச் சேர்க்க இயலவில்லை. மாடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1871-இல் உலர்தகட்டைக் கண்டறிந்தார். அது செம்மையுற்றுக் கடைகளில் விற்கப்பட்ட பின்னரே, மணிக்கணக்காக ஒளியைச் சேர்க்கும் வாய்ப்பு உண்டாயிற்று. அவ்வாய்ப்பை முதலிற் பற்றிக்கொண்டோருட் பலர் வானாய்வகங்களில் ஊதியம் பெற்றோர் அல்லர். வேறு தொழில்புரிந்து, விருப்பத்தால் இரவில் விழித்திருந்தோரே ஆவர்.

மிருகசீரிட மண்டலத்தை அன்பர்கள் அறிவார்கள். மேலைநாட்டார் அதனை ஓரையன் என்னும் வேட்டுவனாகக் கொள்வர். யோபின் சரித்திரத்தைத் தமிழாக்கியோரும் அவ்வேட்டுவனுக்கு மிருகசீரிஷம் என்றே பெயர் வழங்கினர். வேட்டுவனின் இடைக்கச்சைபோல் ஒழுங்குற நிற்கும் மூன்று மீன்களுக்கு அருகே, உடைவாள்போற் சிறு மீன்வரிசையொன்று தொங்கும். அதன் நடுவே, ஊதிவிட்ட புகைபோல் ஒரு மங்கல் உண்டு. அது நீரகவாயுப் பெருந்திரள். புதிதாய்ப் பிறந்த வெப்பமிக்க விண்மீன்களால் ஒளிர்வது. அத்தகைய திரளை ஒண்முகில் என்போம். நியூயார்க்கு நகரத்து மருத்துவப் பேராசிரியர் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30-ஆம் நாளிரவில், 51 நிமிடம் ஒளியேற்றி இவ்வொண்முகிலின் முதற் படத்தை எடுத்தார். ஈராண்டுகளில் அக்கால அளவை 137 நிமிடமாக உயர்த்தினார். அவ்வாண்டு நவம்பரிலேயே, 45 வயதில், உயிர்நீத்தார்.

அவர் விட்ட இடத்தில் தொட்டவர் ஆந்திரூ காமன் என்னும் ஆங்கிலேயர். அவருடைய தொழில் கட்டடங்களுக்குக் குழாயும் வடிகாலும் அமைக்கும் துப்புரவுப் பொறியியல். இலண்டனையடுத்த ஈலிங்கில், தம் வீட்டுத் தோட்டத்தில், 36 அங்குலக் கண்ணாடியைக் கொண்ட தொலைநோக்கியை நிறுவி, 1883 சனவரி 30-ஆம் நாள் அதே ஒண்முகிலை 37 நிமிடம் படம்பிடித்தார். அத்தகட்டில், எந்தத் தொலைநோக்கி வழியாகவும் கண் காணாத விண்மீன்கள் பதிந்திருந்தன. அதுகாறும் தகடு கண்ணுக்கு ஏவலாளாயிருந்தது. அன்று முதல் கண்ணை முந்திக்கொண்டது. மறு ஆண்டு அரச வானியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது.

லிவர்ப்பூலில் கட்டட ஒப்பந்தத் தொழில்புரிந்து பொருளீட்டிய ஐசக் ராபர்ட்சு என்பாரின் வரலாறு எம் உள்ளத்தை இன்னும் மிகுதியாகக் கவர்ந்தது. அவர் 1888 டிசம்பர் 29-ஆம் நாள், ஆந்திரோமீடா என்னும் மண்டலத்திலுள்ள பெருமங்கலை ஏறத்தாழ நான்கு மணிநேரம் படம்பிடித்தார். அதுவரை கண்ணாற் கண்டோர்க்கு ஒளித்திட்டாகவே தோன்றியது, அவருடைய தகட்டிற் சுருள்சுருளாய்ச் சுழலும் வடிவத்தோடு வெளிப்பட்டது. ஞாயிறும் கோள்களும் வாயுத்திரளினின்று உருவாகும் காட்சியையே தாம் படம்பிடித்ததாக அவர் கருதினார். அக்கருத்துத் தவறு. 1923 அக்டோபரில் ஹபிள் என்னும் அறிஞர் அதே பொருளின் படத்தில் ஒளிமாறும் விண்மீனொன்றைக் கண்டு, அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறோர் அண்டம் என்று நிறுவினார். அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு என்பது இன்றைய கணக்கு. ராபர்ட்சின் உரை வீழ்ந்தது. அவர் எடுத்த படம் வீழவில்லை. பழஞ்சுவடிக்கு உரை எழுதிய புலவர் பொருளைப் பிழைபடக் கொண்டாலும், மூலத்தை எழுத்துப் பிழையின்றிப் பெயர்த்து வைத்தால் பின்வருவோர் வாழ்த்துவரன்றோ?

நிற்க. எமக்குத் தொலைநோக்கியும் இல்லை. மீனைப் பின்தொடரும் பொறியும் இல்லை. கலியாண வீடுகளிற் படம்பிடிக்கும் நண்பர் ஒருவருடைய காமிராவே எமக்குக் கிடைத்தது. மார்கழியில் முகூர்த்தம் இல்லாமையால் அவருடைய தொழில் அத்திங்களிற் படுத்துக்கிடக்கும். மிருகசீரிடம் முன்னிரவிலேயே உச்சியை நோக்கி ஏறுவதும் அத்திங்களிலேதான். இவ்விரண்டும் பொருந்தியது எம் நற்பேறு. மனிதர் முகத்தைப் படம்பிடிக்கும் வில்லையால் வானத்தைப் படம்பிடிப்பது தகுமோ என்று முதலில் ஐயுற்றோம். பின்னர் எட்வர்டு பர்னார்டு என்பாரைப்பற்றிப் படித்து ஐயம் நீங்கினோம். தந்தையை இழந்த வறிய குடும்பத்திற் பிறந்த அவர், ஒன்பது வயதும் நிரம்பாத சிறுவனாய் நாஷ்வில் நகரத்துப் படக்கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். கூரைமேல் இருந்த பெரிய படம்பெருக்கிக் கருவியை ஞாயிற்றின் போக்கிற்கேற்பத் திருப்பிக்கொண்டேயிருத்தல் அவருக்கு இட்ட வேலை. பிற்காலத்தில் லிக் வானாய்வகத்தில் பணிபுரிந்தபோது, படக்கடைக்காரர் ஒருவரிடமிருந்து வந்த பழைய முகப்பட வில்லையைக் கொண்டே அவர் பால்வீதியின் புகழ்பெற்ற படங்களை எடுத்தார். 1892 அக்டோபரில், நிழற்படத்தின் வாயிலாக வால்மீனொன்றைக் கண்டறிந்த முதல்வரும் அவரே.

எம் முதல் இரவு முற்றிலும் வீணாயிற்று. காமிரா தானே தெளிவு காணும் என்று நம்பி விட்டுவிட்டோம். அஃதோ இருளில் எதனையும் பற்றமாட்டாமல் வில்லையை முன்னும் பின்னும் உருட்டி, விண்மீன்களையெல்லாம் அப்பளம் போலாக்கித் தந்தது. இரண்டாம் இரவில், வானத்தின் மிக்க ஒளிமீனாகிய சிரியசைக் காமிராவின் திரையிற் பெருக்கிப் பார்த்து, அது குண்டூசி முனையளவு ஆகுங்காறும் வில்லையைக் கையால் திருப்பி நிறுத்தினோம். படங்கள் நன்றாகவே தொடங்கின. முக்கால் மணிக்குப்பின் ஒவ்வொரு மீனைச் சுற்றியும் ஓர் ஒளிவட்டம் தோன்றலாயிற்று. எம்முள் ஒருவர், ஒண்முகில் விரிந்து வெளிப்படுகின்றது என்று மகிழ்ந்து கூவினார். வில்லையைத் தொட்டுப் பார்த்தபின்னரே பனி படர்ந்திருந்தமை விளங்கிற்று. மேல்துண்டாற் துடைக்கப்போன அவர் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் இரவில், சமையற்கட்டிலே உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, காய்ச்சற்காரனுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல் வில்லையைச் சுற்றிக் கட்டினோம். அதன்பின் பனி அணுகவில்லை. மதிலோரத்து விளக்கு மட்டும் எம்மோடு ஓயாது பகைத்தது. ஒரு பழைய பாயை அரணாக நிறுத்தி அதனையும் ஒருவாறு மறைத்தோம்.

எம் காமிராவின் சில்லில் நுண்ணிய கட்டங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. 50 மில்லிமீட்டர் வில்லையின் வழியே நோக்க, மிருகசீரிடத்து மீனொன்று ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கட்டம் நகர்கின்றது. எனவே நான்கு விநாடிக்குமேல் திறந்துவைத்தல் ஆகாது என்று முடிவுசெய்தோம். நான்கு விநாடியிற் குடம் எங்ஙனம் நிறையும்? சிறு செம்பால் இருநூறு முறை மொண்டு குடத்தில் ஊற்றுதலே வழி. இருநூறு படங்களை எடுத்து, மீன்மேல் மீன் பொருந்துமாறு கணிப்பொறியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். அங்ஙனம் அடுக்கும்போது, படத்துக்குப்படம் மாறுகின்ற பொய்ப்புள்ளிகள் தம்முள் அடங்கிப்போக, எல்லாப் படத்திலும் ஓரிடத்தே நிற்கும் மெய்யொளி மேலோங்கும். இதில் ஒரு கொடிய கணக்கு உண்டு. தெளிவு, படங்களின் தொகைக்கு ஒப்ப வளர்வதன்று. தொகையின் வர்க்கமூலத்திற்கு ஒப்பவே வளரும். நூறு படம் அடுக்கினாற் பத்து மடங்கு. இருபது மடங்கு வேண்டின் நானூறு படம். ஆர்வலர்கள் ஒரே பொருளின்மேல் இரவுக்குமேல் இரவாகச் செலவிடுவதற்குக் காரணம் இதுவே. எம் இருநூறு படங்களின் காலமெல்லாம் கூட்டினும் 13 நிமிடமும் 20 விநாடியுமே. டிரேப்பரின் 51 நிமிடத்திற் பாதியும் ஆகவில்லை.

அடுக்கி முடிந்தபோது விடியற்காலம் நான்கு மணி. உடைவாளின் நடுவே, விரல்நகத்திற் பாதியளவு, வெளிறிய செம்மலர்ப் பூச்சொன்று தோன்றிற்று. அவ்வொளி புறப்பட்டு ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன. பல்லவர் காஞ்சியில் அரசாண்ட நாளில் தொடங்கிய பயணம் எம் மேல்மாடத்தில் முடிந்தது. அதனினும் ஆயிரமடங்கு அழகிய படங்களை யாம் கண்டதுண்டு. ஆயினும் மூவரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

தோழரின் வினாவுக்கு வருவோம். பெருந்தொலைநோக்கி எடுத்த படம் அஃது எடுத்த இரவின் படமே; இன்றிரவின் படமன்று. வானம் மாறாதது என்று நாம் எண்ணுவது பிழை. 2004 சனவரியில், அமெரிக்காவின் கெண்டக்கி நாட்டுப்புறத்தில் ஜே மெக்னீல் என்னும் ஆர்வலர், மூன்று அங்குலச் சிறு தொலைநோக்கியால் இதே மிருகசீரிட மண்டலத்தைப் படம்பிடித்து, முன்னைய படங்கள் பலவற்றில் இல்லாத ஒண்முகிலொன்றைக் கண்டார். பிறந்துகொண்டிருந்த இளமீனொன்று திடீரென ஒளி மிகுந்து, தன்னைச் சூழ்ந்த தூசியை விளங்கச் செய்திருந்தது. இன்று அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. அர்ஜென்டினா நாட்டு ரொசாரியோ நகரத்தில், பூட்டுத் தொழிலாளியாகிய விக்டர் பூசோ, 2016 செப்டம்பர் 20-ஆம் நாள் தம் வீட்டுக் கூரைமேலிருந்து புதுக் காமிராவொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் தற்செயலாய் நோக்கிய அண்டத்தில், பேரளவான விண்மீனொன்று வெடித்து அதன் முதல் ஒளி வெளிப்பட்டது அந்நேரத்திலேயே. வானாய்வகங்களெல்லாம் பன்னாள் காத்திருந்தும் அகப்படாத அக்கணம் அவர் படங்களில் வரிசையாகப் பதிந்தது. ராபர்ட்சின் ஆந்திரோமீடாவும் தீர்ந்துபோன பொருளன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எண்ணற்றோர் படம்பிடித்த அதன் அருகிலேயே, வளைந்ததொரு நீலவொளிப் பரப்பு இருந்தமையை, டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், செய்ன்ட்டி என்னும் மூன்று ஆர்வலர் கூட்டத்தார் 2022-இல் எடுத்த படங்களால் வெளிப்படுத்தினர். நூறு மணிநேரத்திற்குமேல் சேர்த்த ஒளி அது.

எம் படத்தில் அத்தகைய புதுமை ஒன்றுமில்லை. இருந்திருப்பினும் கண்டறியும் பயிற்சி எமக்கில்லை. எனினும் அவ்விரவின் மிருகசீரிடம் எம்மிடம் உள்ளது.

போகிக்கு முதல்நாள் காமிராவைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது அப்படத்தையும் நண்பருக்குக் காட்டினோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் நோக்கி, "மற்றவை நன்றாக வந்துள்ளன, நடுவில் இந்தச் செங்கறை மட்டும் எப்படியோ விழுந்துவிட்டது, தம்பி, இரண்டு நிமிடம் இருந்தால் துடைத்துத் தருகிறேன்" என்று கணிப்பொறியை நோக்கிக் கை நீட்டினார். யாம் மூவரும் ஒருங்கே பாய்ந்து அவர் கையைப் பற்றினோம்.