தீப்புண்ணுக்கு முதல் மருந்து

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவீதியில் உள்ளது அலவத்துகொட. அங்குள்ள இல்லமொன்றில் கொதிநீர் கவிழ்ந்து குழந்தையின் கை வெந்துவிட்டால், கண்டி மருத்துவமனைக்குப் புறப்படுமுன் செய்யவேண்டிய சிகிச்சை ஒன்றுண்டு. அதற்குரிய மருந்து தண்ணீரே.

நெருப்பு விலகியதும் சூடு விலகிவிடுவதில்லை. தோலில் தங்கிய வெப்பம் உள்ளிறங்கிக்கொண்டே இருக்கும். அதனைத் தணிக்கவே குளிர்ந்த குழாய்நீரைக் காயத்தின்மீது 20 நிமிடம் ஓடவிட வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. பனிக்கட்டி ஆகாது, அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். பற்பசையும் எண்ணெயும் வெண்ணெயும் சூட்டைத் தணிப்பதில்லை, கிருமிக்கே இடந்தரும்.

வீங்குமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றிவிடுக. ஒட்டிய துணியைப் பிய்த்தலும் கொப்புளத்தை உடைத்தலும் கூடா. காயத்தைத் தூய துணியால் தளர்வாக மூடுக. மலைநாட்டுக் குளிரில் குழந்தை நடுங்காதவாறு, காயம்படாத பகுதிகளைப் போர்த்துவதும் அவசியம். முகம், கை, மூட்டு ஆகியவற்றில் பட்ட காயத்தையும், காயமுற்றவரின் உள்ளங்கையினும் பெரிய காயத்தையும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும்.

மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்தோர் இலங்கையில் பலர். அவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் கவிழாத விளக்கொன்றை அமைத்தார். குட்டையான கனத்த கண்ணாடி, தட்டையான பக்கங்கள், திருகுமூடி: இவையே அதன் சிறப்பு. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கையும் கொதிகலத்தையும் குழந்தையின் கைக்கெட்டாமல் வைப்பது, விருது வேண்டாத அதே தொண்டாகும்.