லட்சிய கிராமமும் செங்கல்பட்டு ஓலைகளும்

திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முன் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பூந்தமல்லி எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம்தான். இந்த வட்டாரத்தின் பழைய கதையைத் தேடிப் போகிறவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் திருவள்ளூர் என்று கேட்டால் அதிகம் கிடைக்காது. செங்கல்பட்டு ஜாகீர் என்று கேட்கவேண்டும். கேட்டால், இந்தியாவில் வேறு பல வட்டாரங்களுக்கு வாய்க்காத ஒரு புதையல் கிடைக்கும்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த ஏறக்குறைய 2,000 ஊர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, கொடுத்தார். கையில் வந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியவேண்டுமே! 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஊர் ஊராக அளக்கவைத்தார். வீடு எத்தனை, ஏரி எவ்வளவு, நஞ்சை புஞ்சை எத்தனை காணி, தோப்பு எது, காடு எது, விளைச்சல் எத்தனை கலம், அந்த நெல் யார் யாருக்குப் போகிறது என எல்லாவற்றையும் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கம் எழும்பூரில் இருக்கிறது. ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை வந்து இந்தச் சீமையைச் சூறையாடியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இந்த ஊர்கள் எப்படி இருந்தன என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

இந்தக் காகிதக் கட்டைப் பொதுப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர் தமிழர் அல்லர். உத்தரப் பிரதேசத்தின் காந்தலாவில் 1922இல் பிறந்த தரம்பால். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாதவர். வரலாற்றாசிரியர் ஆவதற்கு முன் அவர் லட்சிய கிராமம் கட்டப் புறப்பட்டவர். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் மகளாகப் பிறந்து காந்தியிடம் வந்து சேர்ந்த மீராபென், ரூர்க்கிக்கும் ஹரித்துவாருக்கும் இடையே நடத்திய கிசான் ஆசிரமத்தில் 1944இல் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்து போனார். திரும்பும் வழியில் இஸ்ரேலில் இறங்கி, கலிலேயா ஏரிக்கரையில் 1910இல் தொடங்கிய முதல் கிபுட்ஸான டெகானியாவைப் பார்த்தார். சொத்தும் அடுப்பும் எல்லாருக்கும் பொது என்று வாழ்ந்த உழவர் குடியிருப்பு அது. ஊர் திரும்பியதும் ரிஷிகேஷுக்கு அருகே பாபுகிராம் என்ற புதுக் கிராமத்தை உருவாக்குவதில் இறங்கினார்.

அப்புறம் அவர் பார்வையைத் திருப்பியது ஒரு ரயில் பயணம். 1960இல் குவாலியரிலிருந்து டெல்லிக்கு மூன்றாம் வகுப்பில் போகிறார். லக்னோவுக்கு வடக்கே உள்ள இரண்டு கிராமங்களைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் மூட்டை முடிச்சுகளோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ராமேஸ்வரம் வரை மூன்று மாத யாத்திரை போய்விட்டுத் திரும்புகிறவர்கள். எல்லாரும் ஒரே சாதியா என்று கேட்டார். இல்லை, பல சாதி. யாத்திரையில் சாதி பார்ப்பதில்லை என்றார்கள். வழியில் வந்த பெருநகரங்களைச் சுற்றிப் பார்த்தீர்களா என்றார். அதற்கெல்லாம் நேரமில்லை என்று பதில் வந்தது. இந்த மக்களுக்குப் புதிதாக ஊர் கட்டித் தர நான் யார், இவர்களின் ஊர் முன்பு எப்படி இயங்கியது என்று தேடுவதல்லவா வேலை என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1960களின் நடுவில் சென்னைக்கு வந்து ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தார். சென்னை மாகாணப் பஞ்சாயத்து முறை பற்றிய நூல் அப்படி வந்தது. பிறகு லண்டன் காப்பகங்களில் ஆண்டுக் கணக்காகக் கையாலேயே நகலெடுத்தார். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்ரோ 1822இல் நடத்தச் சொன்ன கல்விக் கணக்கெடுப்பைக் கொண்டு 1983இல் அவர் வெளியிட்ட ‘அழகிய மரம்’ இன்றும் மேடைதோறும் மேற்கோள் காட்டப்படுகிறது. மாகாணத்தில் 11,575 பள்ளிகள், 1,57,195 மாணவர்கள் என்ற எண்களைப் பலர் அறிந்தது அந்தப் புத்தகத்தால்தான்.

செங்கல்பட்டுக் கணக்கில் தரம்பாலைக் கட்டிப்போட்டது, விளைச்சலைப் பங்கிட்ட முறை. களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போதே, சர்க்கார் பங்குக்கும் உழவர் பங்கான குடிவாரத்துக்கும் முன்னால் மேரை, சுதந்திரம் எனப்படும் ஊர்ப் பங்குகளை எடுத்துவைத்துவிடுவார்கள். கோயில், மடம், கணக்குப்பிள்ளை, தலையாரி, கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், வெட்டியான் என்று வரிசை நீளும். ஃபக்கீருக்கும் பங்குண்டு. விளைந்ததில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இப்படி ஊரின் பொதுக் காரியங்களுக்கும் தொழிலாளிகளுக்கும் போனது என்பது அவர் வாதம். மேலேயிருந்து யாரும் நிதி ஒதுக்காமலே ஊர் தன்னைத் தானே நடத்திக்கொண்டது என்றார். சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தின் ஜிதேந்திர பஜாஜும் எம்.டி.ஸ்ரீநிவாஸும் இந்த வேலையை ஓலைகள் வரை கொண்டுபோனார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். கட்ட முடியாத லட்சிய ஊரைத் தரம்பால் கடந்த காலத்தில் கண்டுபிடித்துவிட்டாரோ? மேரைப் பட்டியலில் வெட்டியானுக்கு மரக்கால் நெல் இருக்கிறது, சரி. நாற்று நட்டு, அறுத்து, போரடித்த சேரி ஆள் ஏன் கடைசி வரை காணியாட்சி என்ற நில உரிமைக்கு வெளியே நின்றான் என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. தொண்டை மண்டலத்தில் பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் நடந்தது அடிமை முறை. அதைக் கணக்கில் எடுக்காமல் ஒதுக்கிவைத்துவிட்டு ஊரின் தன்னாட்சியை வியப்பது பாதிக் கணக்கு.

மறுபக்கக் கணக்கை எழுதியவர் யூஜின் இர்ஷிக். திராவிட இயக்க வரலாறு படித்தவர்களுக்கு 1969இல் வந்த அவருடைய நூல் வழியாகத் தெரிந்த பெயர். 1994இல் அவர் இதே செங்கல்பட்டுச் சீமையை வைத்து, 1795 முதல் 1895 வரையிலான நூற்றாண்டைப் பற்றி எழுதினார். 1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரையில் வில்லோடு நின்ற ராமனைக் கண்டதாகக் கதை சொல்கிறார்களே, அதே துரைதான். அன்று குடிகளின் போராட்டம் என்றால் ஊரைக் காலிசெய்துவிட்டு எல்லை தாண்டிப் போய்விடுவது. வரி நிற்க வேண்டுமானால் குடி ஊரில் நிற்க வேண்டும். அதற்காகக் கம்பெனி அதிகாரிகளும் காணியாட்சி உரிமை கொண்ட மிராசுதாரர்களும் பேசிப் பேசியே, ஆதிகாலம் முதல் அசையாமல் இருந்த, ஒழுங்கான தொண்டை மண்டல ஊர் என்ற சித்திரத்தைச் சேர்ந்து உருவாக்கினார்கள் என்கிறார் இர்ஷிக். அப்படியானால் பொற்கால கிராமமே ஓரளவு பேச்சுவார்த்தையில் விளைந்த சரக்கு.

இர்ஷிக்கின் நூற்றாண்டு முடியும் இடத்தில் நிற்பவர் கலெக்டர் டிரெமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர் நிலை பற்றி 1891இல் அவர் கொடுத்த அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. அந்த ஆணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலத்தைத்தான் நாம் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். அதே 1890களில் ஆதாம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தை ஒடுக்கப்பட்டோருக்காக அமைத்தார். என்னைக் கேட்டால், லட்சிய ஊர் என்ற பெயருக்கு இந்த வட்டாரத்தில் மிராசு கிராமத்தைவிட அதிக உரிமை இதற்குத்தான். சேரி ஆளுக்குக் காலூன்ற ஓர் இடம் வேண்டும் என்று தொடங்கிய திட்டம் அது. பாதிரியாரின் மதமாற்ற நோக்கத்தைக் குறைசொல்லலாம், சொல்லவும் செய்தார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று கும்மிடிப்பூண்டியில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலத்தை மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் எடுத்தபோது, தலித் மக்கள் பெரும்பான்மையாக உள்ள அந்த ஊர் எதிர்த்து நின்றது. ஆடு மாடு மேயும் இடம், விறகும் மூலிகையும் தரும் காடு, ஏரிக்கு நீர் வரும் சரிவு என்று அவர்கள் சொன்னார்கள். அரசின் பதிவேட்டில் அது புறம்போக்கு. மிச்செலின் டயர் தொழிற்சாலை வந்தது. பர்னார்டின் கணக்கில் காடும் ஏரியும் தோப்பும் தனித்தனியே காணிக் கணக்கில் நிற்கின்றன என்பதை இந்தச் சண்டையின்போது எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

தரம்பால் 2006 அக்டோபரில் சேவாகிராமில் காலமானார். அவரைப் புகழ்கிறவர்களும் மறுக்கிறவர்களும் அவர் சொன்ன மொத்தக் கணக்கை வைத்தே சண்டை போடுகிறார்கள். ஓர் ஊரின் ஓலையை எடுத்து, அந்த ஊர் ஏரிக்கரையில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை குறைவு. திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்க் கணக்குகள் புத்தகமாக வந்திருக்கின்றன. அந்த வரிசையில் பொன்னேரி ஊர்களுக்கும் பூந்தமல்லி ஊர்களுக்கும் தமிழில் நூல் வரவேண்டும். பொன்னேரியில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் வரலாற்று மாணவர்கள் ஆளுக்கு ஓர் ஊர் எடுத்துக்கொள்ளட்டும். அன்றைய ஏரியின் பரப்பையும் இன்றைய பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். சேரியில் எத்தனை வீடு, அவர்கள் பெயரில் எத்தனை காணி என்ற கேள்வியை முதல் பக்கத்திலேயே கேட்கட்டும்.