கால்நடைகளின் உயிர் காக்கும் அவசரச் சிகிச்சைகள்

மாடு என்னுஞ் சொல் பழந்தமிழிற் செல்வத்தையும் குறிக்கும். இவ்வழக்கின் பொருத்தத்தை வன்னிப் பெருநிலத்தில் இன்றும் காணலாம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ்க் காலபோக அறுவடை முடிந்ததும், தாள் நிற்கும் வயல்களிற் பட்டி பட்டியாய் மாடுகள் மேய்கின்றன. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் மீளக் குடியமர்ந்த குடும்பங்கள் பல, இழந்த செல்வத்தைக் கன்று கன்றாய் மீண்டும் தேடிக்கொண்டவை. அத்தகைய வீட்டிற் கறவைப் பசுவொன்று சில மணி நேரத்தில் மூச்சு முட்டி இறப்பின் அது சிறு நட்டமன்று. ஆகவே, மருத்துவர் வருமுன் உயிரைப் போக்கவல்ல நிலைகள் எவை, அவற்றிற் செய்யத்தக்கன எவை, தகாதன எவை என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

அந்நிலைகள் வயிறு, தொண்டை, மார்பு என்னும் மூன்றிடத்துத் தோன்றுவன. இடம் வேறாயினும் இவை மூன்றும் மூச்சைத் தடுக்கின்றன.

முதலில் வயிற்றை எடுத்துக்கொள்வோம். அசைபோடும் மாட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் முதலாவது மிகப் பெரிது. வயிற்றின் இடப்பாகத்தைப் பெரும்பாலும் அதுவே நிரப்பும். பெரிய இனப் பசுவில் அது 100 இலீற்றருக்கு மேலும் கொள்ளும். ஆங்கு வாழும் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கச் செய்கையில் காபனீரொட்சைட்டும் மெதேனும் ஓயாது உண்டாகின்றன. இவ்வாயுவை மாடு ஏப்பமாக வெளிவிடும். ஏப்பம் தடைப்படின் இடவிலா பறைபோல் ஊதும். ஊதிய வயிறு பிரிமென்றகட்டை முன்தள்ளி நுரையீரலை நெருக்கும். இதயத்திற்கு மீளுங் குருதியும் தடைப்படும்.

இவ்வயிறூதல் இருவகைப்படும். பனங்கொட்டை, மாங்கொட்டை போன்றவை உணவுக்குழாயிற் சிக்கினாலும், மாடு பள்ளத்திற் சரிந்து எழமாட்டாது கிடந்தாலும், வாயு தனித்து மேலே திரளும். பசித்த மாடு அவரையினப் பயிர்களின் இளந்தளிரை மிகுதியாக மேய்ந்தாலோ, வாயு நுரையாகி, பொங்கிய கஞ்சிபோல உணவோடு கலந்து நிற்கும்.

இரண்டிலும் மாட்டை நிற்கச் செய்து, முன்னங்கால்கள் மேடான இடத்தில் இருக்குமாறு வைத்தல் நன்று. மருத்துவர் வாய்வழியாகக் குழாயைச் செலுத்தித் தனித்த வாயுவை வெளியேற்றுவார். நுரையாயின் தாவர எண்ணெய் போன்ற நுரையடக்கி வேண்டும். ஆயினும், தலையை உயர்த்திப் பிடித்து எண்ணெயை ஊற்றினால் அது நுரையீரலிற் புகுந்து கொல்லும். தொண்டையிற் பொருள் சிக்கிய மாட்டுக்கு எதனையும் ஊற்றலாகாது. சூடு போடுவதால் வாயு வெளியேறுவதில்லை; துன்பமே மிகும்.

மாடு விழும் தறுவாயில் எஞ்சியிருப்பது துளையிடுதல். இதற்குரிய கருவி 'துரோக்கார்' எனப்படும். குழலொன்றினுள்ளே கூரிய ஊசியை உடையது. இடப்புறத்தே கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பு முனைக்கும் முதுகெலும்போரத்துக்கும் இடைப்பட்ட முக்கோணக் குழியே துளையிடற்குரிய இடம். ஊசியை உருவியபின் குழல் வழியே வாயு வெளியேறும். நுரையாயின் குழல் அடைபடும். வயிற்றிலுள்ளது உட்குழியிற் சிந்தின் அழற்சி உண்டாகும்.

தொமஸ் ஹாடி 1874இல் வெளியிட்ட 'ஃபார் ஃபிரம் த மடிங் கிரவுட்' என்னும் ஆங்கில நாவலைக் கற்றோர் இக்கருவியை அறிந்திருப்பர். அதில் இளங்குளோவரை மேய்ந்து ஊதிய ஆடுகள் 57. இடையனாகிய கேபிரியல் ஓக் 49 ஆடுகளைத் துளையிட்டுக் காக்கின்றான், நான்கு இறக்கின்றன, மூன்று தாமே தேறுகின்றன. எஞ்சிய ஒன்று, அவசரத்திற் குறி தவறிய அவன் கையாலேயே மடிகின்றது. இடம் அறிந்தவன் கையிலும் இக்கருவி கொல்லக்கூடும் என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது.

இனித் தொண்டை. தொண்டையடைப்பான் என்னும் நோயைப் பாஸ்ரியூறெல்லா மல்ரோசிடா என்னும் பற்றீரியா உண்டாக்குகின்றது. மாட்டினும் எருமையை இது கடிதிற் பற்றும். கடுங்காய்ச்சலோடு தொண்டை வீங்கி மூச்சு இரைய, ஓரிரு நாளில் விலங்கு இறக்கும். மருத்துவர் கழுத்தில் வாதனாளியைத் திறந்து குழாயிட்டு மூச்சு மீளச் செய்யலாம். ஆனால் குருதியிற் பரவிய நஞ்சு அதனால் நீங்காது. காய்ச்சல் தொடங்கும்போதே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தல் வேண்டும். நோயற்றனபோல் தோன்றும் விலங்குகளும் இக்கிருமியைத் தொண்டையிற் சுமந்து திரியக்கூடுமாதலின், மாரிக்கு முன்னரே பட்டி முழுவதற்கும் தடுப்பூசி இடுவித்தலே தக்க காவலாகும்.

மூன்றாவது மார்பு. கொம்பு குத்தியோ காட்டுப்பன்றி கிழித்தோ மார்புச்சுவர் துளைபடின், காற்று உட்புகுந்து நுரையீரல் சுருங்கும். துளையைத் தூய துணியால் உடனே அழுத்தி மூடுதல் வேண்டும். தைத்து நிற்குங் கழியைப் பிடுங்கலாகாது. உட்புகுந்த காற்றை விலாவெலும்புகளினிடையே ஊசியிட்டு எடுப்பது மருத்துவரின் பணி.

இவற்றால், காலத்தே அறிதலும் இடமறிந்து செய்தலும் ஒருங்கே வேண்டும் என்பது போதரும். இடவிலா உயரக் கண்டவுடன் அரச கால்நடை வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவித்தல் பட்டிக்காரரின் முதற் கடமை. காட்டோரப் பட்டிக்கு அவர் வந்து சேர நேரமாகும். ஆதலின் ஊருக்கு ஒருவரேனும் இச்சிகிச்சையை அவரிடமே நேரிற் பயின்று, அவர் சொற்படி நடக்க ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். அங்ஙனம் பயிலாதார் ஊசியைத் தொடாதிருத்தலே மாட்டுக்குச் செய்யும் நன்மையாகும்.