விழாமல் நடப்பதும் ஒரு வித்தைதான்!

டி.வி.யில் வரும் தடை தாண்டும் போட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உருளுகிற கட்டை மேல் ஓட வேண்டும், மிதக்கிற கல் மேல் தாவ வேண்டும், ஆடுகிற பாலத்தைக் கடக்க வேண்டும். பாதிப் பேர் தொபுக்கடீர் என்று தண்ணீரில் விழுவார்கள். "இதெல்லாம் சின்னப் பசங்க பாக்கறது, உனக்கு எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர்கூடக் கேலி செய்வார். நானோ, நம்மைப் போன்ற குடும்பத் தலைவிகள்தான் இதை அவசியம் பார்க்க வேண்டும் என்பேன். காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜப்பானில் 1986 முதல் 1990 வரை நடந்த 'தாகேஷிஸ் காசில்' நிகழ்ச்சி, பிற்பாடு போகோ சானல் வழியாக நம் வீடுகளுக்கும் வந்தது. ஜாவேத் ஜாஃப்ரியின் ஹிந்தி வர்ணனை எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அதில் குளத்தைக் கடக்க வரிசையாகக் கற்கள் இருக்கும். சில கற்கள் அசையாமல் நிற்கும். சில சும்மா மிதக்கும். எது எது என்று கால் வைத்தால்தான் தெரியும்! இன்னொன்றில், கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு தொங்கு பாலத்தில் நடக்க வேண்டும். எதிரிலிருந்து பீரங்கி மாதிரி பந்துகளை எய்வார்கள்.

அது விளையாட்டு என்றால், 1997-ல் ஜப்பானில் தொடங்கிய 'சசுகே' நிஜமான பரீட்சை. 100 பேர் கலந்துகொள்வார்கள். மொத்தம் நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தையும் முடிக்க ஆளே இல்லாமல் போன வருஷங்கள் பல. 1999-ல் முதன்முதலாக முழுவதும் முடித்த கசுஹிகோ அகியாமா, நண்டு பிடிக்கும் தொழில் பார்த்தவர். 2006-ல் முடித்த மகோதோ நகானோவும் மீன்பிடிப் படகுக்காரர்தான். அலையில் ஆடுகிற படகில் நின்று வேலை செய்த கால்கள் அல்லவா! இதைப் பார்த்து அமெரிக்காவில் 2009-ல் ஆரம்பித்ததுதான் 'அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்'.

அந்த நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறேன். கட்டுமஸ்தான உடம்போடு ஒருவர் வருவார். கையால் தொங்கித் தாவும் தடை என்றால் அநாயாசமாகப் போய்விடுவார். அதே ஆள் சுழலுகிற கட்டையில் கால் வைத்ததும் ஒரே நொடியில் தண்ணீருக்குள் கிடப்பார்! கை பலம் வேறு, நிலை தவறாமல் நிற்கிற திறன் வேறு.

நாம் விழாமல் நிற்பதற்கு உடம்பில் மூன்று காவல்காரர்கள் உண்டு. ஒன்று கண். இரண்டாவது, காதுக்குள்ளே வளையம் வளையமாக இருக்கும் மூன்று குழல்கள். அதிலிருக்கும் திரவம் அசைவதை வைத்துத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளை தெரிந்துகொள்கிறது. சின்ன வயசில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றதும் உலகமே சுற்றுமே, நாம் நின்ற பிறகும் அந்தத் திரவம் நிற்காததால்தான். மூன்றாவது, பாதமும் மூட்டும் தசையும் சொல்லும் சேதி. நிஞ்ஜா போட்டியில் உருளும் கட்டையை வைப்பது, இந்த மூன்றாவது காவல்காரனைக் குழப்பத்தான்.

நன்றாகக் கடப்பவர்களைக் கவனியுங்கள். குனிந்து காலையே பார்க்க மாட்டார்கள். அக்கரையில் ஓர் இடத்தில் பார்வையை நிறுத்துவார்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி உடம்பைத் தாழ்த்துவார்கள். கையை அகல விரிப்பார்கள். கம்பி மேல் நடப்பவர் நீளமான மூங்கிலைப் பிடிப்பதும் இதே கணக்குதான், உடம்பு சட்டென்று சாயாது. மிதக்கிற கல்லில் நின்று யோசிக்க மாட்டார்கள். அது அமுங்குவதற்குள் அடுத்த கல்லுக்குப் போய்விடுவார்கள்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 2014-ல் டாலஸ் நகரில் நடந்த நிஞ்ஜா போட்டியில் கேசி காட்டன்சாரோ என்ற பெண், 14 அடி உயர வளைந்த சுவரில் ஓடி ஏறினார். அந்தச் சுவரை ஏறிய முதல் பெண் அவர்தான். உயரம் வெறும் 5 அடி! அடுத்து, நகர இறுதிச் சுற்றையும் முடித்த முதல் பெண் ஆனார். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். அந்த விளையாட்டில் 10 செ.மீ. அகலமே உள்ள கட்டை மேல் நடந்து, குதித்து, கரணம் போட வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. ஒலிம்பிக்கில் அது பெண்களுக்கு மட்டும்தான். 2016-ல் ஜெஸ்ஸி கிராஃப் என்ற பெண், லாஸ் வேகாஸ் இறுதிப் போட்டியின் முதல் கட்டத்தையே முடித்துக் காட்டினார். 2028 ஒலிம்பிக்கில் 'மாடர்ன் பென்டத்லான்' போட்டியில் குதிரையேற்றத்துக்குப் பதில் இதே மாதிரி தடை ஓட்டம்தான் வரப்போகிறது, பெண்களுக்கும் சேர்த்து!

"சரிம்மா, எங்களுக்கு என்ன?" என்கிறீர்களா? என் மாமியாருக்கு 74 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறை வாசலில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், எழுந்து நடக்க ஒத்துக்கொள்ளவே இல்லை. "திரும்ப விழுந்தா நான் உசிரோட இருக்க மாட்டேன்டி" என்று கட்டிலிலேயே ஒடுங்கிவிட்டார். விழுந்த வலியைவிட விழுந்துவிடுவோமோ என்கிற பயம்தான் அவரை முடக்கியது. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததாலேயே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் 60 வயது தாண்டியவர்களே அதிகம்.

பிசியோதெரபி சொல்லித்தர வந்த பெண், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்கச் சொன்னாள். அத்தை மாட்டேன் என்றார். அப்போதுதான் என் 12 வயது மகள், "பாட்டி, அந்த நிஞ்ஜா அக்காவும் இப்படித்தான் ஆரம்பிச்சிருப்பாங்க. நீங்க எண்ணுங்க, நான் நிக்கிறேன். அப்புறம் நான் எண்றேன்" என்றாள். முதல் நாள் மூன்று எண்ணினார். மாதக்கணக்கில் பழகி, இப்போது யார் கையையும் பிடிக்காமல் பூஜையறைக்குப் போய் விளக்கேற்றுகிறார்.

இன்னொன்றும் யோசித்தேன். நாமெல்லாம் ஒற்றைக் காலில் நொண்டிப் பாண்டி ஆடியவர்கள்தானே? எப்போது நிறுத்தினோம்? வயசுக்கு வந்த அன்றைக்கு! மதில் மேல் நடக்கிற பையனைத் 'துறுதுறுப்பு' என்கிறோம். பெண் நடந்தால் 'அடங்காப்பிடாரி'. அன்றைக்குக் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, அறுபதில் தடுமாறினால் 'வயசாச்சு' என்கிறோம். வயதுக்கும் பங்கு உண்டுதான். பழக்கம் விட்டுப்போனதற்கும் பங்கு உண்டே!

ஆகவே தோழிகளே, பால் பொங்குவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் மேடையைப் பிடித்தபடி ஒரு காலில் நின்று பழகுங்கள். தலைசுற்றல், மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குளியலறையில் ஈரம் தேங்க விடாதீர்கள், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்கள். முக்கியமாக, உங்கள் பெண் பாண்டிக் கட்டம் போட்டுக் குதித்தால் தடுக்காதீர்கள். முடிந்தால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீங்களும் ஒரு ஆட்டம் போடுங்களேன்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.