வாவிக்கடியில் ஒரு பியானோ

பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'கிளேர் து லூன்', அதாவது நிலவொளி, பிடித்துப்போனவர்கள் அடுத்து எதைக் கேட்பது? 1910இல் வெளிவந்த 'மூழ்கிய தேவாலயம்' என்ற பியானோ இசையைச் சொல்வேன். கடலடியிலிருந்து மணியோசை மேலெழுந்து மறுபடி அமிழும். அதே தொகுப்பில் உள்ள 'வுவால்' இன்னும் விசித்திரம். அதன் பெரும்பகுதி சம இடைவெளியுள்ள ஆறு சுரங்களில் அமைந்தது; கர்நாடக இசையில் அது கோப்ரியா. இடைவெளிகள் சமமாக இருப்பதால் இசை எங்கும் இளைப்பாறாமல் மிதக்கிறது.

மட்டக்களப்பாருக்கு இந்த மிதப்புப் புதிதல்ல. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்க்கும் ஒலிக்கு அதை ஒப்பிட்டார். 1954இல் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் பதிவுசெய்ததை இலங்கை வானொலி ஒலிபரப்பியது. பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

யுத்த காலத்தில் பாலத்தில் சோதனைச்சாவடி, வாவியில் இரவுத் தடை. மீன்பாடும் தேன்நாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு தலைமுறை, பாட்டைக் கேளாமலே வளர்ந்தது.

டெபுஸியை விளக்கணைத்து, குறைந்த சத்தத்தில் கேளுங்கள். வாவிக்கென்றால் வாகன இரைச்சல் அடங்கிய நடுச்சாமம்தான் நல்லது.